முப்பத்தோராம் வருடம்

தோட்டப்பாளையத்தில் எங்கள் லாட்ஜ் டிவி
வியாழன் இரவு ஒன்பது மணிக்கு
பூமியை விட்டுக் கிளம்பிவிடும்.

தொடரின் பெயர் எட்டாம் கரை.
நான் பிறக்கும் முன்பே புறப்பட்ட கப்பல்.
முப்பத்தோராவது வருடத்தில்தான் ஏறினேன்,
ஒரு கையில் சாவிக்கொத்து, மறுகையில் அட்வான்ஸ் ரசீது.
இந்தி டப்பிங். எனக்குத் தெரிந்த இந்தி
சைதாப்பேட்டை உருதுவும் அசன்சோல் நோயாளிகளும்
பாதிப் பாதியாகக் கற்றுத் தந்தது.

அது சரியில்லாத வருடம் என்பார்கள்.
மூன்றாவது வாரமே கேப்டனின் முகம் மாறியது.
சம்பளத் தகராறாம்.
ஏதோ ஒரு நிலவில் தீப்பட்டு
புது முகம் தைத்ததாக ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.
பதினேழாம் நம்பர் ஹல்தார் எழுந்து நின்றே கேட்டார்:
"முகம் சரி. கண் எப்படி நீலமாகும்?"

ஒன்பதாவது வாரம் காசு தீர்ந்திருக்க வேண்டும்.
எபிசோடு முழுக்க ஒரே தாழ்வாரம்.
ஆறு பேர் நடந்தார்கள், திரும்பினார்கள்,
மறுபடி அதே குழாய், அதே சிவப்பு விளக்கு, அதே கதவு.
எங்களில் யாருக்கும் அலுக்கவில்லை.
எல்லோரும் காலை ஐந்து மணி ஓ.பி. வரிசையில்
நின்றுவிட்டு வந்தவர்கள்.

பதிமூன்றாவது வாரம்
அக்னி நட்சத்திரம்.
ராத்திரியிலும் சுவர் அனல் கக்கியது.
வாடகை ஸ்டவ்வில் யாரோ கடுகெண்ணெயில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.
கப்பல் டாக்டர் ஒளிக்குச்சி ஒன்றை எடுத்தாள்,
சாகக் கிடந்த மாலுமியின் விலாவில் ஒருதரம் ஓட்டினாள்.
"கிட்னி சரியாகிவிட்டது" என்றாள்.
அவன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான்.

பதினொரு பேர் இருந்தோம்.
ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை.
நான் ரிமோட்டைத் தேடினேன்.
ஹல்தார்தான்,
ஊசி ஏறி ஏறிக் கயிறாய்ப் புடைத்த
இடக்கையை உயர்த்தி,
"பில் எங்கே? பில் போடாமல் அனுப்பிவிட்டாளே பாவி!" என்றார்.
அந்தச் சிரிப்பு படியேறிப் போய்
மூன்றாம் மாடியில் ஒரு குழந்தையை எழுப்பிவிட்டது.

அந்த வருடத்தை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை.
நாலு வாரம், ஆறு வாரம்.
பயாப்ஸி முடிவு வந்தால் பெட்டி கட்டுவார்கள்,
காட்பாடிக்கு ஆட்டோ பேசித் தருவேன்.
பிறகு போன் வரும், அகர்தலாவிலிருந்து, தன்பாத்திலிருந்து:
"தீதி, அந்தத் திருட்டு இயந்திரம் பிடிபட்டதா?"
உங்கள் ஊரில் டிவி இல்லையா என்று ஒருத்தியிடம் கேட்டேன்.
இருக்கிறது, ஆனால் இங்கே பார்த்தால்
அது கதை மாதிரி இருக்கிறது என்றாள்.

இருபத்திரண்டாவது வாரம்
கப்பல் ஒரு கறுப்பு மேகத்துக்குள் போனது.
எஞ்சின் நின்றது. புதுக் கேப்டன் கண்ணை மூடினான்.
தொடரும் என்று எழுத்து வந்தது.
தொடரவில்லை. கம்பெனியே மூடிவிட்டார்களாம்.
அந்த நேரத்தில் இப்போது சமையல் போட்டி.

பூஜை விடுமுறையில் ஹல்தாரின் மகள் சியூலி கூப்பிட்டாள்.
அப்பா படுக்கையில்தான் இருக்கிறார்,
மேகத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்கிறார்.

அடுத்த வருடம் கிடையாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பாலாற்றில் நான் தண்ணீர் பார்த்தது இரண்டே தடவை.
இரண்டாம் தடவை பாலத்தில் வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன,
கண்டக்டர்கூட இறங்கி வந்து பார்த்தார்.
அதைச் சொன்னேன்.
மேகத்துக்குள்ளே ஆறு இருந்தது,
கலங்கலாக, முழங்கால் அளவு,
கப்பல் மணலில் இறங்கியது,
கேப்டன் முகம் கழுவினான்,
நிமிர்ந்தபோது கண் பழையபடி கறுப்பு.

அவள் வங்காளத்தில் சொன்னாள்.
தூரத்தில் ஒரு முனகல். நீளமாக.
திரும்பி வந்து சொன்னாள்:
"கழுவினால் எப்படி நிறம் மாறும் என்கிறார்."

யோசித்துச் சொல்கிறேன், வியாழக்கிழமை கூப்பிடு என்றேன்.
பதினேழில் புது ஆள், சாவி கேட்டு நிற்கிறார்.
இன்று செவ்வாய்.